எலியட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் யார்?

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். 1942-ல் பிபிசி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த குழுப்படத்தில் கவிஞர் டி. எஸ். எலியட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பெண் யார்? பிபிசியின் முதல் கறுப்பினப் பெண் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்று அவரைச் சொல்வது சரியா? 'கரீபியன் வாய்சஸ்' என்ற இலக்கிய நிகழ்ச்சியைத் தொடங்கியது அவரா, பின்னாளில் அதை நடத்திய ஹென்றி ஸ்வான்சியா? ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, இவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் நம் காதில் விழவே இல்லை என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். மேற்கிந்தியத் தீவுகளின் இலக்கியத்தை விரும்பிப் படிப்பவன். வரலாற்று ஆய்வாளன் இல்லை. மூலக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் எழுதியதைப் படித்துத்தான் வாழ்க்கை விவரங்களைச் சொல்கிறேன். ஒலிபரப்பு வேலை பற்றிய இடங்களில் மட்டும் சொந்த அனுபவத்தை நம்பிப் பேசுகிறேன்.

அவர் பெயர் யூனா மார்சன். ஜமைக்காவில் பிறந்த கவிஞர், நாடக ஆசிரியர், பத்திரிகையாளர். நீங்கள் பார்த்த படம் 1942 டிசம்பரில் 'வாய்ஸ்' என்ற நிகழ்ச்சிக்காகக் கூடியபோது எடுத்தது. '1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் அப்போது பிபிசியின் கிழக்கத்திய சேவையில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அச்சில் வராமல் வானொலியில் மட்டும் வரும் கவிதை இதழாக 'வாய்ஸ்' நிகழ்ச்சியை நடத்தினார். படத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலமாக வேணு சிதாலே, தம்பிமுத்து, எலியட், மார்சன், முல்க் ராஜ் ஆனந்த், கிறிஸ்டோபர் பெம்பர்ட்டன், நாராயண மேனன். பின்னால் நிற்பவர்கள் ஆர்வெல், நான்சி பாரட், வில்லியம் எம்ப்சன். தம்பிமுத்து இலங்கைத் தமிழர் என்பதால் நம்மவர்கள் இந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் அவரைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஓர் இருக்கை தள்ளி இருப்பவர் அதே நிறுவனத்தில் தனக்கென ஒரு நிகழ்ச்சியை நடத்திவந்தவர். யாருக்கோ உதவியாளராக வந்து உட்கார்ந்தவர் இல்லை. ஆர்வெலின் அந்தத் தொடரில் தன் கவிதையையும் வாசித்திருக்கிறார்.

மார்சன் பிறந்தது 1905 பிப்ரவரி 6, ஜமைக்காவின் செயின்ட் எலிசபெத் பகுதியில். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். உபகாரச் சம்பளத்தில் ஹாம்ப்டன் என்ற பெண்கள் பள்ளியில் படித்தார். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வெளிர்நிறக் கலப்பினப் பிள்ளைகளும்தான் பெரும்பாலும் படித்தார்கள். கறுத்த நிறம் என்பது அந்தச் சமூகத்தில் என்ன விலை பெறும் என்பதை அந்த வயதிலேயே தெரிந்துகொண்டார். அப்பா இறந்த பிறகு குடும்பம் கிங்ஸ்டன் நகரத்துக்கு வந்தது. யூனா சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அலுவலக வேலைகளில் சேர்ந்தார். 1926-ல் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியர். 1928-ல் 'தி காஸ்மோபாலிட்டன்' என்ற சொந்தப் பத்திரிகை. ஜமைக்காவில் பத்திரிகை நடத்திய முதல் பெண் ஆசிரியர்-பதிப்பாளர் இவர்தான். அந்தப் பத்திரிகை சுருக்கெழுத்தாளர் சங்கத்தோடு சேர்ந்து நடந்தது, அதாவது வேலைக்குப் போகும் பெண்களுக்கான பத்திரிகை. பிற்காலத்தில் வானொலியில் அவர் செய்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாருக்காகப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் எழுதுகிற பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. 1930-ல் முதல் கவிதைத் தொகுப்பு, அடுத்த வருடம் இரண்டாவது. முதலிரண்டு தொகுப்புகளிலும் ஆங்கிலக் கற்பனாவாதக் கவிஞர்களின் சாயல் நிறைய. நேர்மையாகச் சொன்னால் அவற்றில் பல கவிதைகள் சுமார் ரகம்தான்.

1932-ல் லண்டன் போனார். தங்கியது டாக்டர் ஹரால்ட் மூடியின் வீட்டில், நகரத்தின் தெற்கே பெக்கம் பகுதியில். மூடியும் ஜமைக்காக்காரர்தான். முந்தைய வருடம் 'லீக் ஆஃப் கலர்ட் பீப்பிள்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். கறுப்பின மாணவர்களுக்குத் தங்க இடம், வேலை, மரியாதை கிடைக்கப் போராடிய அமைப்பு அது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் நன்றாகத் தெரிந்த, பத்திரிகை நடத்திய அனுபவமும் உள்ள மார்சனுக்கு லண்டன் அலுவலகங்கள் நிறத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தின. அதனால் மூடியின் அமைப்பிலேயே சம்பளம் இல்லாமல் உதவிச் செயலாளராக வேலை பார்த்தார். அவர்களுடைய இதழ் 'தி கீஸ்'. அதில் எழுதினார், பின்பு ஆசிரியராகவும் இருந்தார். 1933-ல் அதில் வந்த ஒரு கவிதைக்கு, தெருவில் தன்மேல் வீசப்பட்ட வசைச் சொல்லையே தலைப்பாக வைத்தார். முதல் தொகுப்புகளின் மென்மையைத் தேடினாலும் அதில் கிடைக்காது. அவரைக் கவிஞராக்கியது லண்டன் தந்த கோபம்தான் என்பது என் கருத்து.

இந்தக் காலத்தைப் பற்றி இணையத்தில் ஒரு வாக்கியம் சுற்றுகிறது. அவருடைய 'அட் வாட் எ பிரைஸ்' நாடகம் 1934 ஜனவரியில் லண்டன் ஸ்காலா அரங்கில் நடந்தபோது, முழுக்கக் கறுப்பின நடிகர்கள் நடித்த முதல் வெஸ்ட் எண்ட் (லண்டனின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பகுதி) நாடகமாக அது இருந்தது என்பது அந்த வாக்கியம். இதை அப்படியே நம்ப வேண்டாம். 1903-லேயே 'இன் டஹோமி' என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசை நாடகம் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அரங்குக்கு வந்துவிட்டது. மார்சனின் நாடகம் ஸ்காலாவில் நடந்தது நிச்சயம். லீக் உறுப்பினர்கள், அதாவது பிரிட்டனில் வாழ்ந்த கறுப்பின மக்களே, அதில் நடித்ததும் நிச்சயம். நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் இல்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து சுருக்கெழுத்தாளராகும் ஒரு பெண்ணையும் அவளுடைய வெள்ளைக்கார முதலாளியையும் பற்றிய கதை. பிரிட்டனில் வாழ்ந்த கறுப்பின மக்கள் தாங்களே எழுதித் தாங்களே நடித்து அந்த மேடையேறியதில் இது முன்னோடி என்று சொன்னால் போதும். அதுவே பெரிய விஷயம்.

அடுத்த இரண்டு வருடம் அவர் வாழ்க்கை வேகமெடுக்கிறது. 1935-ல் இஸ்தான்புல்லில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் ஜமைக்காவின் சார்பில் பேசினார். இத்தாலி எத்தியோப்பியா மேல் படையெடுத்ததும் லண்டனில் இருந்த எத்தியோப்பியத் தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தூதராக இருந்த ஹகீம் வர்க்னே லாகூரில் மருத்துவம் படித்துப் பர்மாவில் மருத்துவராக இருந்தவர். அவர் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 1936 ஜூனில் பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் முறையிட்டபோது, உடன் போனவர்களில் மார்சனும் ஒருவர். அந்த முறையீட்டுக்குப் பலன் இல்லாமல் போனது அவரை ரொம்பவே உலுக்கிவிட்டது. உடம்பும் மனசும் தளர்ந்து அதே வருடம் ஜமைக்கா திரும்பினார்.

ஆனால் அங்கே போயும் சும்மா இருக்கவில்லை. 1937-ல் 'தி மாத் அண்ட் தி ஸ்டார்' தொகுப்பு வந்தது. அவர் கவிதைகளில் படிக்க வேண்டியது முதலில் இதுதான். லண்டன் தெருவில் தனியாக நடக்கும் ஒரு மாநிறப் பெண்ணை நோக்கி வரிசையாகக் கேள்வி கேட்கும் கவிதை இருக்கிறது, சுருட்டை முடியை நீட்டிவிடச் சொல்லும் உலகத்தோடு மல்லுக்கட்டும் பெண்ணின் புலம்பல் இருக்கிறது, ஜமைக்காப் பேச்சு வழக்கிலேயே லண்டனை அளந்து பார்க்கும் ஒருவனின் குரலும் இருக்கிறது. பேச்சு வழக்கில் எழுதியதில் இவர் முதல்வர் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஜமைக்காக் கவிஞர் கிளாட் மெக்கே 1912-லேயே எழுதிவிட்டார். மார்சன் அதில் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் பாட்டின் நடையைக் கொண்டுவந்தார், ஒரு பெண்ணின் அன்றாடக் குறையைக் கொண்டுவந்தார். 1938-ல் கிங்ஸ்டனில் 'பொக்கோமேனியா' என்ற நாடகத்தை மேடையேற்றினார். மேல்தட்டு மக்கள் இழிவாகப் பார்த்த ஆப்பிரிக்க வேர் கொண்ட வழிபாட்டு முறையும் அதன் மேளச் சத்தமும் ஒரு நடுத்தர வர்க்கப் பெண்ணை இழுப்பதுதான் கதை. ஜமைக்கா நாடகத்தில் இது ஒரு திருப்பம்.

சரி, பிபிசிக்கு வருவோம். 1938-ல் மறுபடி லண்டன். அடுத்த வருடம் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து நடந்த தொலைக்காட்சியின் 'பிக்சர் பேஜ்' நிகழ்ச்சிக்கு உதிரியாக வேலை செய்தார். போர் தொடங்கியதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார்கள். 1941 மார்ச்சில் பேரரசின் நாடுகளுக்கு ஒலிபரப்பிய எம்பயர் சர்வீஸில் முழுநேர நிகழ்ச்சி உதவியாளராக நியமனம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. பிபிசியில் முழுநேரப் பணியில் அமர்ந்து நிகழ்ச்சி தயாரித்த முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சொல்வதில் தவறில்லை, பிபிசியே அப்படித்தான் சொல்கிறது. பதவிப் பெயர் 'உதவியாளர்' என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். அந்தக் கால ஒலிபரப்பு நிறுவனங்களில் நிகழ்ச்சி உதவியாளர் என்றால் திட்டமிடுவது, ஆள் பிடிப்பது, எழுதுவது, ஒத்திகை பார்ப்பது, அறிவிப்பது எல்லாம் அவர் தலையில்தான். அதே 1941 மே மாதம்தான் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பும் தொடங்கியது. போர்க்காலத்தில் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் ஆதரவைத் திரட்ட வேண்டிய அவசரம் இருந்தது. இவர்களுக்கெல்லாம் கதவு திறந்ததில் அந்த அவசரத்துக்கும் பங்கு உண்டு.

அவர் பொறுப்பில் வந்த நிகழ்ச்சி 'காலிங் தி வெஸ்ட் இண்டீஸ்'. பிரிட்டனில் படையிலும் தொழிற்சாலைகளிலும் இருந்த மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் சிற்றலையில் செய்தி சொல்லும் நிகழ்ச்சி. வெளியே இருந்து பார்த்தால் எளிதான வேலை மாதிரித் தெரியும். இந்த வகை நிகழ்ச்சியை நானும் செய்திருக்கிறேன், சுலபமே இல்லை. மைக்கை வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கிறவர் அதன் முன்னால் வந்து நின்றதும் அம்மா பெயரைக்கூட மறந்துவிடுவார். எழுதிக் கொடுத்தால் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் வாசிப்பார், எழுதாமல் விட்டால் திக்கிவிடுவார். மார்சனுக்கு இதோடு போர்க்காலத் தணிக்கையும் சேர்ந்துகொண்டது. எழுத்துப்படி முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், எங்கே இருக்கிறோம், எந்தப் படைப்பிரிவு என்று வாய் தவறியும் வந்துவிடக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிப்பாயின் குரல் அவன் வீட்டில் கேட்ட குரலாகவே ஒலிக்க வேண்டும். 1943-ல் எடுத்த 'ஹலோ! வெஸ்ட் இண்டீஸ்' என்ற சிறு ஆவணப்படத்தில் அவர் இதைச் செய்வதை நேரிலேயே பார்க்கலாம். மைக் முன்னால் நின்று ஒவ்வொருவராக அழைத்து அறிமுகப்படுத்துகிறார். கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன்கூட வருகிறார். விருந்துக்கு வந்தவர்களை வீட்டுக்காரி மற்றவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பது மாதிரிதான் இருக்கும் அது. கவனித்துப் பாருங்கள், அடுத்தவர் பேசத் தொடங்கியதும் முழுக்க ஒதுங்கிக்கொள்கிறார். நல்ல தொகுப்பாளருக்கு வரவேண்டிய முதல் பண்பு அது, பலருக்குக் கடைசி வரை வருவதில்லை.

அந்த நிகழ்ச்சிக்குள்ளிருந்துதான் 1943-ல் 'கரீபியன் வாய்சஸ்' பிறந்தது. குடும்பச் செய்திகளுக்கு நடுவே வாரத்தில் ஒரு நேரத்தை ஒதுக்கி, தீவுகளின் கவிதைகளையும் கதைகளையும் வாசிக்க வைத்தார். ஆகவே மூன்றாவது கேள்விக்குப் பதில்: தொடங்கியது மார்சன். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆர்வெலின் 'வாய்ஸ்' நிகழ்ச்சியில் கலந்துகொண்டதால்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். காலம் பொருந்துகிறது, அதனால் அது நியாயமான ஊகம். ஆனாலும் ஊகம்தான். பதினைந்து வருடம் முன்பே பத்திரிகை நடத்தி, உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்த ஒருவருக்கு இந்த யோசனை வர ஆர்வெல் தேவைப்பட்டிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போது ஸ்வான்சிக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். அயர்லாந்தில் பிறந்த ஹென்றி ஸ்வான்சி 1946-ல் பொறுப்பேற்று 1954 வரை நடத்தினார். கிங்ஸ்டனில் கிளாடிஸ் லிண்டோ என்ற பெண்மணி வழியாகத் தீவுகளிலிருந்து கைப்பிரதிகள் வந்து சேர்ந்தன. ஸ்வான்சி அவற்றைத் தேர்ந்தெடுத்தார், எழுதியவர்களுக்குச் சன்மானம் கிடைக்கச் செய்தார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தவற்றை விமர்சித்துப் பேசினார். சாம் செல்வன், ஜார்ஜ் லாமிங், டெரெக் வால்காட், கமாவ் பிராத்வெய்ட் என்று பின்னாளில் பெரிய எழுத்தாளர்களானவர்கள் எல்லோரும் இந்த வழியாக வந்தவர்கள். அவருக்குப் பின் சில காலம் வி. எஸ். நைபால் தொகுத்தார். பிபிசியின் உதிரி எழுத்தாளர்கள் அறையில் உட்கார்ந்து, அலுவலகத் தாளில் நைபால் தன் முதல் கதைகளைத் தட்டச்சு செய்தது இந்தக் காலத்தில்தான். நிகழ்ச்சி 1958-ல் முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதிய கரீபிய இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய தூண்டுகோல் இருந்ததில்லை என்கிற பொருளில் பிராத்வெய்ட் பின்னாளில் எழுதினார். எழுத்துத் தரம் என்று பார்த்தால் ஸ்வான்சி காலத்து நிகழ்ச்சிதான் மேல். ஆனால் இல்லாத ஒன்றை ஒலிபரப்பு அட்டவணைக்குள் கொண்டுவருவது வேறு மாதிரி உழைப்பு. ஒரு நிறுவனத்தில் புதிதாக ஒரு நேரத்தை வாங்குவதற்கு எத்தனை பேரிடம் பேச வேண்டும், எத்தனை குறிப்பு எழுத வேண்டும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மார்சன் அதைச் செய்தபோது அவர் இருப்பதையே விரும்பாத சக ஊழியர்களும் இருந்தார்கள், தீவுகளிலிருந்தே அவருக்கு எதிராகப் புகார்களும் போயின.

1945-ல் 'டுவர்ட்ஸ் தி ஸ்டார்ஸ்' தொகுப்பு வந்தது. அதற்குள் அவர் உடைந்துபோயிருந்தார். 1946-ல் மனநலம் பாதிக்கப்பட்ட நிலையில் ஜமைக்காவுக்கு அனுப்பி வைக்கப்பட்டார், அங்கே மருத்துவமனைச் சிகிச்சை. அக்கால ஆவணங்களில் மனச்சிதைவு என்று எழுதியிருப்பதை வைத்து இன்று பலர் அதையே உறுதியாகச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போர்க்கால வேலைச் சுமை, குண்டுவீச்சு, தனிமை, நாள் தவறாத நிறவெறி, முன்பே ஒருமுறை தளர்ந்த மனசு, இவற்றில் எது எவ்வளவு என்று இத்தனை காலம் கழித்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. தேறிய பிறகு 1949-ல் ஜமைக்காவில் பயனீர் பிரஸ் என்ற பதிப்பகத்தை உருவாக்குவதில் பங்கெடுத்தார். மலிவு விலையில் உள்ளூர் எழுத்தை அச்சிட்ட பதிப்பகம் அது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் கழிந்த ஐம்பதுகள் பற்றி ஒரு நூல் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. அதனால் தேதிகளைக் கோத்து ஒரு கதை கட்டாமல் விட்டுவிடுகிறேன். 1965 மே 6-ல் கிங்ஸ்டனில் மாரடைப்பால் இறந்தார். அறுபது வயது.

இனி, ஏன் காதில் விழவில்லை என்பதற்கு வருகிறேன். பெண் என்பதும் கறுப்பினத்தவர் என்பதும் முக்கியக் காரணங்கள்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அதோடு வானொலிக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. அன்றைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலையாகப் போய் முடிந்தன, ஒலியைப் பதிவு செய்து வைக்கவில்லை. தட்டச்சு செய்த எழுத்துப்படிகள்தான் மிஞ்சின. எழுத்துப்படியில் கவிதை எழுதியவர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்கும். அவர்களை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவருடைய உழைப்பு எந்தப் பக்கத்திலும் தெரியாது. தயாரிப்பாளரின் பெயர் நிற்க வேண்டுமென்றால் அவர் கண்டெடுத்த எழுத்தாளர்கள் பின்னாளில் பெரியவர்களாகி அவரைப் பற்றி எழுத வேண்டும். ஸ்வான்சிக்கு அது வாய்த்தது. லாமிங்கும் நைபாலும் வால்காட்டும் அந்த அலைவரிசைக்கு வரும் முன்பே மார்சன் கப்பலேறிவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் சிப்பாய்கள். அவர்கள் ஊர் திரும்பினார்கள், நினைவுக் குறிப்பு எழுதவில்லை. 1998-ல் டெலியா ஜாரட்-மெக்காலி ஒரு முழு வாழ்க்கை வரலாறு எழுதும் வரை நிலைமை கிட்டத்தட்ட இப்படியேதான் இருந்தது.

நீங்கள் இன்னும் படிக்க விரும்பினால் ஜாரட்-மெக்காலியின் நூலில் தொடங்குங்கள். கவிதைகளுக்கு அலிசன் டொனல் தொகுத்து 2011-ல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள் தொகுப்பு இருக்கிறது. அதில் 1937 தொகுப்புக் கவிதைகளை முதலில் படித்துவிட்டு அப்புறம் பின்னோக்கிப் போங்கள், ஆரம்பக் கவிதைகளில் தொடங்கினால் சலித்துப் புத்தகத்தை மூடிவிட வாய்ப்பு உண்டு. 'பொக்கோமேனியா' நாடகமும் இப்போது அச்சில் கிடைக்கிறது. ஆவணப்படத்தைப் பார்க்கும்போது பேசுகிறவர்களை விட்டுவிட்டு, அவர்கள் பேசும் நேரத்தில் மார்சன் எங்கே நிற்கிறார், எப்படிக் கேட்கிறார் என்பதை ஒருமுறை தனியாகப் பாருங்கள்.